அள்ளலில் நின்ற சகடமும் வயலில் நின்ற டிராக்டரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உழவைப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். ஏரும் எருதும் கொழுவும் மேழியும் இன்றைய கவிதைகளிலும் இடையறாது வருகின்றன. ஆயின் அக்கவிதைகள் பாடும் வயலில் இன்று உழுவது பெரும்பாலும் எருதன்று, டிராக்டர். அதன் இரைச்சல் கேட்காத சிற்றூர் தமிழகத்தில் இல்லை. கவிதையிலோ அது ஒன்று இடம்பெறுவதே இல்லை. அல்லது எருதை விரட்டிய இரும்பரக்கனாக மட்டும் வந்து வசை பெற்றுச் செல்கிறது. ஓடும் டிராக்டரே பாட்டில் ஏறாதபோது, பழுதாகி வயலில் நின்றுவிட்ட டிராக்டரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்னும் ஐயம் எழக்கூடும். சங்கப் புலவரிடம் அவ்வையம் எழுந்திருக்காது. வழியில் நின்றுபோன வண்டியை அவர்கள் கண்ட விதமும், அதிலிருந்து அவர்கள் எடுத்த பொருளும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

உ.வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றில், பாரவண்டியை உவமையாக ஆளும் பாடல்கள் பல உள்ளன. அவற்றுள் நான்கு இங்குப் போதும்.

அறுபதாம் பாட்டு உறையூர் மருத்துவன் தாமோதரனார் பாடியது. கடற்கழியில் விளைந்த உப்பை மலைநாட்டிற்கு ஏற்றிச் செல்லும் உமணர் வண்டி சேற்றில் புதைகிறது. அதை இழுத்துக் கரையேற்றும் வலிய பகட்டைச் சோழன் பெருந்திருமாவளவனுக்கு அவர் உவமையாக்குகிறார். தொண்ணூறாம் பாட்டில் ஔவையார் அதியமானை நோக்கி, புலி சினந்தால் எதிர்நிற்கும் மான்கூட்டம் உண்டா, ஞாயிறு சினந்தால் இருள் உண்டா என்று கேட்டு வந்து, மூன்றாவதாக ஒரு வினாவை வைக்கிறார். சுமை மிகுந்து அழுந்திய வண்டியை மணல் சிதற, கல் பிளக்க இழுத்துச் செல்லும் பெருமிதம் மிக்க எருதுக்குக் கடக்க முடியாத இடமும் உண்டா என்பது அவ்வினா. புலியும் ஞாயிறும் நின்ற வரிசையில் சேற்றுவண்டி இழுக்கும் எருதையும் நிறுத்த ஔவையார் தயங்கவில்லை.

நூற்றிரண்டாம் பாட்டும் ஔவையார் பாட்டே. அதியமான் மகன் பொகுட்டெழினியை அவர் எருதாகவோ வண்டியாகவோ காணவில்லை. வண்டியின் அடியில் கட்டி வைத்திருக்கும் மாற்று அச்சாகக் காண்கிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே உமணர் இன்னோர் அச்சையும் உடன் கொண்டு செல்கின்றனர். முறியாத வரையில் அந்த அச்சு ஒரு வேலையும் செய்வதில்லை. ஆயினும் அது இருப்பதனால்தான் துணிந்து பயணம் போக முடிகிறது. இன்றைய ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் போட்டு வைத்திருக்கும் மாற்று விசிறிப் பட்டையும் நான்கு மறைதிருகிகளும் அந்த மாற்று அச்சின் வழித்தோன்றல்களே.

நூற்றெண்பத்தைந்தாம் பாட்டைப் பாடியவர் அரசரே, தொண்டைமான் இளந்திரையன். ஆட்சியை அவர் வண்டியாகக் காண்கிறார். செலுத்துபவன் திறமுடையவன் என்றால் வழி இனிதாகும். செலுத்தத் தெரியாதவன் என்றால் பகை என்னும் சேற்றில் அது நாள்தோறும் அழுந்தும் என்பது அப்பாட்டின் கருத்து. வள்ளுவரும் வண்டியை விடவில்லை. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதை வலியறிதலிலும், தேருக்குச் சிறிய அச்சாணி செய்யும் பேருதவியை வினைத்திட்பத்திலும், தடைப்பட்ட இடமெல்லாம் முயன்று இழுக்கும் எருதைப் போன்றவனிடம் துன்பமே துன்பப்படும் என்பதை இடுக்கண் அழியாமையிலும் உவமை வழியாக உணர்த்துகிறார்.

இவையனைத்திலும் பொதுவாக நிற்பது ஒன்று. இப்புலவர்கள் வண்டியை உறுப்பு உறுப்பாக அறிந்திருந்தார்கள். அச்சு எது, பார் எது, ஆரக்கால் எது, எந்த உறுப்பில் சுமை தாங்குகிறது, எது முதலில் முறியும் என்பன அவர்களுக்குத் தெரிந்திருந்தன. தொல்காப்பியர் உவமை தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கையும் கூறினார். சங்கப் புலவர் வண்டியைப் பெரிதும் வினையாலும் பயனாலும் உவமையாக்கினர். இன்றைய கவிதையில் டிராக்டர் வரும் சில இடங்களிலும் அதன் உருவமே வருகிறது: சிவப்பு நிறம், கரும்புகை, பெருஞ்சக்கரம். அதன் வினையும் பயனும் வருவதில்லை. ஒரு பொருளின் வினையை அறியாதவர்க்கு அதன் உரு மட்டுமே எஞ்சுகிறது. டிராக்டர் அரக்கனாக வருவதன் காரணம் அதன் இரும்பில் இல்லை. காண்பவரின் தொலைவில் இருக்கிறது.

அது வயலில் நின்றுபோகும் வினையைச் சற்று அருகிலிருந்து காணலாம்.

காவிரிப் படுகையில் மேட்டூர் அணையின் திறப்பை ஒட்டியே வேளாண்மை நடைபெறுகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையைச் சூன் 12-இல் திறப்பது மரபு. நீர்வரத்துக் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. நீர் கடைமடையை எட்டியதும் சேடை ஓட்டும் வேலை ஒரே நேரத்தில் எல்லா ஊர்களிலும் தொடங்குகிறது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். வயது கடந்த நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். மறுநாள் நடவுக்கென இருபது பெண்கள் சொல்லி வைக்கப்பட்டிருப்பார்கள். அந்த நாளில் உழுதுகொண்டிருக்கும் டிராக்டர் நடுவயலில் நின்றுவிட்டால் நிற்பது ஒரு பொறி மட்டுமன்று. அடுத்தடுத்து முறை வைத்துக் காத்திருக்கும் வயல்கள் நிற்கின்றன. இருபது பெண்களின் ஒரு நாள் கூலி நிற்கிறது. அந்தப் பருவத்து வாடகையை நம்பிக் கடன் வாங்கியவரின் தவணையும் நிற்கிறது. ஏர் மாடுகளின் காலத்தில் ஒரு மாடு படுத்தால் பக்கத்து வீட்டு ஏர் வந்து மிச்சத்தை உழுதது. பல ஏர்கள் பகிர்ந்து சுமந்ததை இன்று ஒரு பொறி தனியே சுமக்கிறது. ஆதலின் அதன் வீழ்ச்சியும் பெரிதாகிறது.

‘படுத்துவிட்டது’ என்ற சொல் இங்குக் கருதத்தக்கது. பழுதான டிராக்டரைப் பற்றி ஓட்டுநர் சொல்வதும் அதையே: ‘வண்டி படுத்துவிட்டது.’ சேற்றில் புதைந்தால் ‘உட்கார்ந்துவிட்டது.’ சுமை மிகுந்தால் அது முக்குகிறது, திணறுகிறது. முன்புறம் எழும்பினால் மூக்கைத் தூக்குகிறது. டீசல் தீர்ந்து குழாயில் காற்றுப் புகுந்தால் ‘காற்று வாங்கிவிட்டது.’ மாட்டுக்கும் மனிதர்க்கும் உரிய வினைச்சொற்களை எவருடைய ஆணையும் இன்றி உழவர் இப்பொறிக்கு மாற்றித் தந்துவிட்டனர். கலப்பையும் அவ்வாறே, ஐந்து கொத்துக் கலப்பை, ஒன்பது கொத்துக் கலப்பை என்று கொழுக்களின் எண்ணிக்கையால் பெயர் பெற்றது. கிளட்ச், கியர், பம்பு என்பன வந்தவாறே தங்கின. வினைச்சொற்கள் மட்டும் தமிழாகவே நின்றன. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பெயர்ச்சொற்களைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் வயல் வினைச்சொற்களை ஆக்கி முடித்துவிட்டது எனலாம்.

நின்ற வண்டியை வீடு சேர்ப்பதற்கு முறை உண்டு. காற்று வாங்கிய வண்டி என்றால் வயலிலேயே சரியாகும். பம்பின் திருகைச் சிறிது தளர்த்தி, கைப்பிடியை அழுத்தி அழுத்தி டீசலை ஏற்றுவார்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி ஒழிந்து தெளிந்த டீசல் வரும்வரை பொறுத்திருந்து திருகை இறுக்கினால் வண்டி உயிர்பெறும். கிளட்ச் தட்டுத் தேய்ந்தாலோ பல்சக்கரம் முறிந்தாலோ அது நடவாது. பட்டறைக்கு இழுத்துச் செல்வதே வழி.

முதல் வேலை கலப்பையைக் கழற்றுவது. எந்திரம் ஓடினால்தான் கலப்பையைத் தூக்கும் விசை பிறக்கும். எந்திரம் நின்றபின் கொழுக்கள் சேற்றில் பதிந்தபடியே கிடக்கும். மேலே ஒரு கையும் கீழே இரு கைகளுமாக அதைப் பிடித்திருக்கும் மூன்று இணைப்புகளின் ஊசிகளையும் உருவி, கலப்பையை வயலிலேயே விட வேண்டும். அந்த மும்முனை இணைப்பை உலகம் முழுதும் பரவச் செய்தவர் 1884-இல் அயர்லாந்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். கலப்பை கல்லில் தட்டும்போது டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொல்வதைத் தடுப்பதும் அவ்வமைப்பின் பயன்களுள் ஒன்று. சென்னையில் 1960-இல் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் செய்த மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களின் வழியாக அந்த உழவர் மகனின் பெயர் தமிழக வயல்களிலும் உலவியது.

அடுத்துச் சக்கரம். சேடை ஓட்டப் பூட்டிய இரும்புக் கூண்டுச் சக்கரங்களோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை சிதையும். ஆகவே வயலோரத்திலேயே அவற்றைக் கழற்றியாக வேண்டும். பின்னர் இழுவை. ஏறத்தாழ 2 டன் எடையுள்ள அந்த இரும்பைச் சேற்றிலிருந்து இழுக்க ஓரிணை எருதுகள் போதா. தொடர்ந்து உழைக்கும் ஓரிணையின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறனே. இன்னொரு டிராக்டர் வர வேண்டும். அண்மைக் காலத்தில் ஜேசிபியும் வருகிறது.

இழுக்க வரும் வண்டி தானும் அந்தச் சேற்றில் இறங்கக் கூடாது என்பது முதல் விதி. நீண்ட சங்கிலியைக் கட்டி, கெட்டியான தரையில் நின்றுகொண்டே இழுக்க வேண்டும். புதைந்தவருக்கு உதவ வந்தவரும் புதைந்துபோனால் மூன்றாவது வண்டி தேட நேரும். இரண்டாவது விதி, சங்கிலியைத் தாழ்வாக உள்ள கொக்கியில் மாட்டுவது. பின்னச்சுக்கு மேலே உள்ள இணைப்பில் மாட்டி விசையோடு இழுத்தால் இழுக்கும் வண்டி மூக்கைத் தூக்கிக் கண் இமைக்கும் நேரத்தில் பின்புறமாகக் கவிழும். மூன்றாவது, சங்கிலியை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல முறுக்கேற்றுவது. இழுபட்டு அறுந்த வடம் சாட்டையாகத் திரும்பும். ஆதலின் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை வரப்புக்கு அப்பால் விரட்டுவதும் இழுவையின் ஒரு பகுதியே. எந்திரம் நலமாக இருந்து வண்டி மட்டும் புதைந்திருந்தால், புதைந்த சக்கரத்தோடு கட்டையைச் சேர்த்துக் கட்டி ஏற்ற முயல்வோரும் உண்டு. அது உயிருக்கு இடர். சக்கரம் சுழல இயலாமல் பற்றிக்கொள்ளும்போது, எந்திரத்தின் விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கிவிடும். சக்கரத்தின் பின்னே மண்ணை வெட்டி விலக்கிப் பின்னோக்கி வருவதே பெரியவர்கள் கைக்கொள்ளும் வழி.

இவை எல்லாம் பொறியின் விதிகள். இவற்றினும் கடினமான விதி ஒன்று உண்டு. அது வழி பற்றியது.

படுகையின் உள்வயல்கள் பலவற்றுக்குத் தனிப்பாதை கிடையாது. பிறர் வயல்கள் தரிசாகக் கிடக்கும்போது அவற்றின் ஊடே டிராக்டர் உள்ளே போகும். அவர்கள் நடுவதற்குள் உழுது முடித்து வெளியேறிவிடும். உள்ளே போன வண்டி படுத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. மெக்கானிக் வருவதற்கும் உதிரி உறுப்புக் கிடைப்பதற்கும் நாட்கள் கழிகின்றன. அதற்குள் சுற்றிலும் நடவு முடிந்துவிடுகிறது. பச்சை பிடிக்கத் தொடங்கிய பயிர் நாற்புறமும் நிற்க, நடுவே வண்டி சிறைப்பட்டு நிற்கிறது. வெளியேற வேண்டுமானால் அயலாரின் பயிரை மிதித்தே வெளியேற வேண்டும்.

அந்த நேரத்தில் ஓட்டுநரோ உரிமையாளரோ வரப்பில் நின்று கேட்கும் கேள்விக்கு அயல்நிலத்தார் தரும் விடையில் ஊரின் இயல்பு முழுதும் வெளிப்படுகிறது. பழைய வரப்புத் தகராறு, மடைத் தகராறு, பேச்சுவார்த்தை அறுந்த உறவு எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கும். ‘அறுப்பு முடியட்டும்’ என்பாரும் உண்டு. ‘ஓரமாக ஓட்டிச் செல்லுங்கள், அண்ணே, மிதிபட்டதை நட்டுக் கொடுத்துவிடுங்கள்’ என்பாரும் உண்டு. சக்கரத் தடம் பதிந்த இடத்தில் மறுநாள் காலையில் வண்டிக்காரர் வீட்டுப் பெண்கள் மிஞ்சிய நாற்றைக் கொண்டுவந்து நட்டுச் செல்லும் காட்சி, எந்தக் கைகலப்புச் செய்தியைப் போலவும் நாளிதழில் வருவதில்லை. பாட்டிலேனும் வந்திருக்க வேண்டும்.

இனிச் சங்கப் பாட்டுக்கும் இந்நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம். புறநானூற்றின் இரு பாடல்களிலும் பெருமை இழுப்பவனுக்கே உரியது. எருது இழுக்கிறது, வண்டி இழுபடுகிறது. காப்பவன் அரசன், காக்கப்படுவோர் குடிகள். இழுபடும் வண்டிக்கு அங்கே செயல் இல்லை. முடியாட்சிக் காலத்திற்கு அவ்வுவமை முற்றிலும் பொருந்தியது.

கட்டி இழுக்கப்படும் டிராக்டரில் அவ்வாறில்லை. எந்திரம் செத்த அந்த வண்டியின் இருக்கையிலும் ஒருவர் அமர்ந்தே ஆக வேண்டும். பல்சக்கரங்களை விலக்கி வண்டியை நடுநிலையில் வைத்து, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, தடைக்கட்டையின் மேல் காலை வைத்து அவர் விழித்திருக்க வேண்டும். முன்வண்டி திரும்பும் இடத்தில் இவரும் திருப்ப வேண்டும். இறக்கத்தில் இவர் தடையை அழுத்தாவிட்டால் பின்வண்டி உருண்டு சென்று உதவ வந்த வண்டியையே இடிக்கும். எந்திரத்தின் விசையால் இயங்கும் ஸ்டியரிங் என்றால் எந்திரம் நின்றபின் அது பாறையாகக் கனக்கும். தோள் வலிக்க அதைத் திருப்ப வேண்டும். முன்னே இழுப்பவருக்குப் பின்னால் நடப்பது சரியாகத் தெரியாது. ஆதலின் பக்கத்தில் நடந்தபடி இருவருக்கும் கையால் குறிகாட்ட மூன்றாமவர் ஒருவர் வேண்டும். இருட்டிவிட்டால் பின்னே விளக்குடன் ஒருவர் வர வேண்டும். வலிமை ஒருவரிடம் மட்டுமே உள்ளது. பொறுப்போ நால்வரிடம் உள்ளது.

உதவி பெறுபவர் சும்மா இருப்பவர் அல்லர் என்பதே இக்காட்சி தரும் புதிய பொருள். தன் விசை முழுதும் இழந்த பின்னும் திசையைக் காக்கும் கடமை அவரிடமே இருக்கிறது. அதை அவர் செய்யாவிட்டால், எத்துணை வலிய வண்டி முன்னே நின்று இழுத்தாலும் இரண்டுமே வாய்க்காலில் விழும். கடனில் மூழ்கிய குடும்பத்தைத் தூக்கிவிடும் உறவினர், நொடித்த கூட்டுறவைத் தாங்கும் உறுப்பினர், வெள்ளம் வடிந்த ஊருக்கு வந்து நிற்கும் அயலூரார் என எங்கெல்லாம் கைகொடுத்தல் நிகழ்கிறதோ அங்கெல்லாம் இவ்வுண்மை பொருந்தும். குடியாட்சிக்கு உரிய உவமை இது. இளந்திரையன் தன் காலத்து வண்டியிலிருந்து தன் காலத்து அரசியலைச் சொன்னார். இக்காலத்து வண்டியில் இக்காலத்து அரசியல் ஏறிக் காத்திருக்கிறது. இறக்கி எழுதும் கைதான் வரவில்லை.

எருதின் மறைவுக்கு இரங்கக் கூடாது என்பது இதன் கருத்தன்று. உழவு மாட்டோடு ஒரு வாழ்க்கை முறையும் எருவும் பல கைத்தொழில்களும் தேய்ந்தன. அவ்விழப்பு மெய்யானது, பாடத்தக்கது. ஆயின் இரங்கலையே உழவுக் கவிதையின் முழுத்தொழிலாக்கினால், இன்று வயலில் நிற்பவர் தம் பாட்டனாரைப் பற்றிய கவிதைகளை மட்டுமே படிக்க நேரும். தம்மைப் பற்றிய ஒரு வரியும் அவருக்குக் கிட்டாது. ஔவையார் தம் காலத்து உப்பு வண்டியைப் பாடினார். அதற்கு முந்திய காலத்துத் தலைச்சுமையை எண்ணி ஏங்கவில்லை.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தும் திறனாய்ந்தும் வரும் இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. ஊருக்கு ஒரு டிராக்டர் பட்டறையேனும் அருகில் உண்டு. அங்கே ஒரு பகல் முழுதும் அமர்ந்தால் அகராதி ஏறாத நூறு வினைச்சொற்கள் காதில் விழும். அச்சையும் பாரையும் அறிந்த பின்பே சங்கப் புலவர் அரசனைப் பாடினர். கொக்கியையும் சங்கிலியையும், இழுபடும் வண்டியில் தோள் வலிக்க ஸ்டியரிங்கைப் பற்றியிருப்பவரையும் அறிந்த பின்பு எழுதப்படும் கவிதை, அடுத்த பத்தாண்டு நிறைவு மலரில் இடம்பெற வேண்டும். அந்நாளில் அதைப் படிக்க அந்த ஓட்டுநரும் இந்த அவையில் அமர்ந்திருக்க வேண்டும்.